உள் எது, புறம் எது: பாய்மக் கணக்கில் செங்கோட்டின் திசை



நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில் கல்வியின் பெருமையை எடுத்துரைக்க எங்களினும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். மாலை நேரத் தொழில்நுட்ப வகுப்பை நடத்திவரும் ஆசிரியர் குழுவினராகிய நாங்கள், எங்கள் வகுப்பறையில் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றிப் பேசவே இசைவு கேட்டோம். விழா மேடையில் பிழையைப் பேசுவதா என்று சிலர் ஐயுறலாம். இத்தனை ஆண்டுகளில் எங்களுக்கு மிகுந்த பாடம் புகட்டியது அப்பிழையே ஆதலின், அதனையே இவ்விழாவுக்கு எங்கள் காணிக்கையாகக் கொண்டு வந்துள்ளோம்.

அப்பிழை ஒரு சிறிய அம்புக்குறியைப் பற்றியது. ஒரு பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டைச் செங்கோடு என்று பள்ளிக் கணக்கிலே படித்திருக்கிறீர்கள். மேசையின் மீது ஒரு தாளை வைத்தால் அதன் செங்கோடு மேல்நோக்கியும் நிற்கலாம், கீழ்நோக்கியும் நிற்கலாம். இரண்டும் தாளுக்குச் செங்குத்தே. இவ்விரண்டில் எது என்பதைத் தாளின் வடிவம் சொல்லாது. கணக்குப் போடுகிறவர்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு எளிய செய்தியில் என்ன ஆபத்து இருக்க முடியும் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம்.

காற்றும் நீரும் போலப் பாய்கின்ற பொருள்களைப் பாய்மம் என்கிறோம். ஒரு கட்டடத்தைச் சுற்றிக் காற்று எவ்வாறு செல்லும், ஒரு குழாயினுள் நீர் எவ்வாறு ஓடும் என்பனவற்றைக் கணிப்பொறியில் கணக்கிட்டு அறியும் முறை இன்று பெரிதும் வளர்ந்துள்ளது. இதற்கு ஒப்புருவாக்கம் என்று பெயர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஒரு முயற்சி, 2004 டிசம்பரில் ஓப்பன்ஃபோம் என்னும் பெயரில், எவரும் கட்டணமின்றிப் பெற்றுப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிய மென்பொருளாக வெளியிடப்பட்டது. அதனாலன்றோ நம் வகுப்பிலுள்ள பழைய கணிப்பொறிகளிலும் மாணவர்கள் காற்றைக் கணக்கிடுகின்றனர்!

கணிப்பொறிக்குக் கட்டடத்தை எவ்வாறு காட்டுவது? அதன் பரப்பு முழுவதையும் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்துக் காட்டுகிறோம். முப்பரிமாண அச்சுக்கலைக்காக 1987-இல் த்ரீ டி சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கென உருவாக்கப்பட்ட எஸ்.டி.எல். என்னும் கோப்பு முறை இதற்கு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதன் இரும வடிவில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட்டு இடம்: செங்கோட்டுக்கு 12, மூன்று முனைகளுக்கு 36, பிற குறிப்புக்கு 2. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திசை இக்கோப்பில் இருமுறை சொல்லப்படுகிறது. செங்கோட்டின் எண்களாக ஒருமுறை; முனைகள் எழுதப்பட்ட வரிசையால் மற்றொரு முறை.

முனைகளின் வரிசை திசையைச் சொல்வது எப்படி? வலக்கையின் நான்கு விரல்களையும் முனைகளின் வரிசைப்படி வளைத்தால், கட்டைவிரல் காட்டும் பக்கமே செங்கோட்டின் பக்கம். தரையில் அ, ஆ, இ என்னும் மூன்று புள்ளிகளை இடஞ்சுழியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அ, ஆ, இ என்று சென்றால் செங்கோடு வானத்தை நோக்கும். அதே புள்ளிகளை அ, இ, ஆ என்று எழுதினால் செங்கோடு பூமிக்குள் நோக்கும். முக்கோணம் அதேதான், பரப்பளவும் அதேதான், திசை மட்டும் தலைகீழ். கோப்பில் எழுதப்பட்ட செங்கோடு ஒன்று சொல்ல, முனை வரிசை வேறொன்று சொல்லுமாயின், மென்பொருள்கள் பல எழுதப்பட்டதை விட்டுவிட்டு முனை வரிசையையே நம்பும். சில மென்பொருள்கள் எழுதப்பட்டதை நம்பும். ஆகவே ஒரே கோப்பு ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் தவறாகவும் நடந்துகொள்வதுண்டு.

இனி, இத்திசை ஏன் இன்றியமையாதது என்பதைக் காண்போம். பாய்மம் ஒரு பரப்பை அழுத்தும்போது, அவ்வழுத்தம் பொருளின் புறச்செங்கோட்டுக்கு எதிர்த்திசையில், அதாவது பொருளை நோக்கியே தள்ளும். அழுத்தத்தையும் பரப்பளவையும் பெருக்கி, செங்கோட்டின் எதிர்த்திசையில் வைத்து, எல்லா முகங்களுக்கும் கூட்டினால் மொத்த விசை கிடைக்கும்.

ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தை நீரில் அமிழ்த்துவோம். அதன் மேல்முகம் 1 மீட்டர் ஆழத்திலும், அடிமுகம் 2 மீட்டர் ஆழத்திலும் இருக்கட்டும். நீரினால் மேல்முகத்தின் மீது கீழ்நோக்கி 9,810 நியூட்டன். அடிமுகத்தின் மீது மேல்நோக்கி 19,620 நியூட்டன். பக்கச் சுவர்களின் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எஞ்சுவது மேல்நோக்கி 9,810 நியூட்டன். இடம்பெயர்ந்த நீரின் எடையும் அதுவே. ஆர்க்கிமிடீஸ் கூறிய உண்மை இதுதான். இப்போது எல்லாச் செங்கோடுகளையும் தலைகீழாக்குங்கள். விடை கீழ்நோக்கி 9,810 என்றாகும். நீரில் மரக்கட்டையும் மூழ்கும் என்று கணக்குச் சொல்லும். இத்தகைய தவறு எளிதிற் கண்ணிற்படும். ஆனால் மேல்முகத்தின் செங்கோட்டை மட்டும் தலைகீழாக்கிப் பாருங்கள். விடை மேல்நோக்கி 29,430 நியூட்டன். திசை சரியாகத் தோன்றும். அளவோ மும்மடங்கு தவறு. முழுத் தவறைக் காட்டிலும் பாதித் தவறே கொடிது என்பதற்கு இக்கணக்கே சான்று.

விசைக்கு மட்டுமன்று, ஓட்டத்துக்கும் இதே நிலை. ஓப்பன்ஃபோமில் கணக்கிடும் வெளியின் எல்லை முகங்கள் யாவும் அவ்வெளியிலிருந்து புறம் நோக்குவன என்பது விதி. செங்கோட்டின் போக்கில் காற்றின் வேகத்தைக் குறிக்கும் எல்லை நிபந்தனையில், உள்ளே வரும் காற்றுக்கு எதிர்க்குறி இடல் வேண்டும். காற்று நுழையும் வாயிலில் 10 என்று எழுதினால், அவ்வாயில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும்; மைனஸ் 10 என்று எழுதினால்தான் காற்று உள்ளே வரும். முதன்முதல் பயில்வோருள் பலர் இங்கே இடறுகின்றனர்.

அவர்கள் இடறுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. புறம் என்னும் சொல்லுக்கே இங்கு இரு பொருள் உண்டு. கட்டடத்தைப் பொருளாகக் கொண்டால், அதன் சுவரின் புறச்செங்கோடு காற்றை நோக்கும். சுற்றியுள்ள காற்று வெளியைப் பொருளாகக் கொண்டால், அதே சுவரில் அவ்வெளியின் புறச்செங்கோடு கட்டடத்துக்குள் நோக்கும். ஒருவர்க்குப் புறம் மற்றவர்க்கு உள். இரண்டுமே சரி. எதனைக் கொண்டோம் என்று சொல்லாமல் விடுவதே தவறு.

இவ்விடத்தில் ஒருவரை நினைவு கூர விரும்புகிறோம். ஒரு பரப்பின் மீது கூட்டிய கூட்டுத்தொகையையும், அப்பரப்பு சூழ்ந்த வெளி முழுவதிலும் கூட்டிய கூட்டுத்தொகையையும் இணைக்கும் தேற்றங்களே இக்கணக்குகளின் அடித்தளம். இலக்ராஞ்சு, காஸ், ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி ஆகியோரோடு இத்துறையில் வைத்து எண்ணப்படுபவர் ஜார்ஜ் கிரீன். அவர் 1793-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ரொட்டி சுடுவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் அவர் பள்ளி சென்றது ஏறத்தாழ ஓராண்டே. அதன்பின் தந்தையின் அடுமனையிலும் காற்றாலை மாவரைவையிலும் உழைத்துக்கொண்டே தாமாகப் பயின்றார். 1828-இல் மின்னியல், காந்தவியல் பற்றிய தம் கணித நூலை முன்பதிவு செய்தோர் உதவியால் வெளியிட்டார். தம் 40-ஆம் வயதில், 1833-இல்தான் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். 1841-இல் மறைந்தார். பின்னர் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன் 1845-இல் அந்நூலைக் கண்டெடுத்துப் பரப்பிய பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது.

அந்நூலில் கிரீன் தம் செங்கோட்டைப் பரப்பிலிருந்து பொருளின் உட்புறம் நோக்கி அளந்தார். இன்று நாம் பெரும்பாலும் புறம் நோக்கி அளக்கிறோம். ஆயினும் அவர் தேற்றம் பிழையாகவில்லை. ஏனெனில், தாம் எப்பக்கம் நோக்கி அளக்கிறோம் என்பதை அவர் எழுதிவைத்தார். எழுதிவைத்த அவ்வொரு தொடர், ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் குறிகளை நாம் மயக்கமின்றிப் படிக்க உதவுகிறது.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம். நம் படிப்பகத்தின் மேல் தகரக் கூரை அமைப்பது பற்றிக் கழகத்தில் ஆலோசனை நடந்தபோது, பாலிடெக்னிக்கில் பயிலும் நம் வகுப்பு மாணவர் ஒருவர், புயற்காற்றில் அக்கூரையின் மேல் எவ்வளவு விசை ஏற்படும் என்பதைத் தம் பயிற்சிக் கணக்காக எடுத்துக்கொண்டார். இருபுறமும் சரிந்த கூரை, நடுவே முகடு, கூரை மூடும் தரையளவு 60 சதுர மீட்டர். கட்டடம் இருபுறமும் ஒத்த வடிவினது ஆதலின், பாதியை மட்டும் வரைந்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக ஆக்கி இணைத்தார். முகட்டின் போக்கிலே காற்று வீசுவதாகக் கொண்டு ஓப்பன்ஃபோமில் கணக்கிட்டார். வண்ணப் படம் அழகாக வந்தது. கூரையின் இரு சரிவுகளிலும் அழுத்தம் குறைந்து உறிஞ்சுதல் ஏற்படுவதைப் படம் தெளிவாகக் காட்டியது.

பின்னர் அவர், அந்த அழுத்த எண்களை எடுத்து, எஸ்.டி.எல். கோப்பிலுள்ள முக்கோணங்களின் செங்கோடுகளோடு பெருக்கிக் கூட்டத் தாமே ஒரு சிறு நிரல் எழுதினார். மொத்தத்தில் கூரையைத் தூக்கும் விசை ஏறத்தாழச் சுழி என்று விடை வந்தது. நாங்களும் அதனைப் பார்த்தோம், பாராட்டினோம். கூரைக்குக் கூடுதல் போல்ட்டுகள் வேண்டா, செலவு மிச்சம் என்று குறிப்பும் எழுதிவிட்டோம்.

அன்று மாலை மகனை அழைத்துச் செல்ல வந்திருந்தார் அம்மாணவரின் தந்தையார். கூரை வேய்வதே அவர் தொழில். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, தயக்கத்தோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், காத்து தகரத்தைத் தூக்காதுன்னா, ஆடி மாசத்துல நாங்க எதுக்கு மேல மணல் மூட்டை வைக்கிறோம்?"

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாங்கள் அனைவரும் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள். ஆயினும் திரையில் தோன்றிய எண்ணின் முன் அதனை மறந்துவிட்டோம். அவர் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அன்றிரவே கணக்கை மீண்டும் திறந்தோம்.

கையால் ஒரு கணக்கிட்டுப் பார்த்தோம். நொடிக்கு 40 மீட்டர் வேகமுள்ள காற்றின் இயக்க அழுத்தம், வேகத்தின் இருமடியை 0.6-ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு 960 நியூட்டன். உறிஞ்சும் அழுத்தம் இதில் பாதியென்றே கொண்டாலும், சதுர மீட்டருக்கு 480 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 49 கிலோ எடைக்கு ஒப்பான தூக்கல். தகரமோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ எடையே உடையது. 60 சதுர மீட்டருக்குக் கூட்டினால் 28,800 நியூட்டன், ஏறத்தாழ 2,900 கிலோ எடைக்கு நிகர். அதனைச் சுழி என்று எழுதியிருந்தோம். அக்கூரையின் கீழ் அமர்ந்து படிக்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகள் என்பதை நினைத்தபோது எங்கள் உள்ளம் நடுங்கியது.

பிழை எங்கே? கண்ணாடிப் பிம்பம் எடுத்த இடத்தில். கண்ணாடியில் நம் வலக்கை இடக்கையாகத் தோன்றுவதை அறிவீர்கள். அவ்வாறே, முனைகளின் இடங்களை மட்டும் மறுபுறம் மாற்றி, வரிசையை மாற்றாமல் விட்டால், இடஞ்சுழி வலஞ்சுழியாகிவிடும். மறுபாதியின் செங்கோடுகள் அனைத்தும் கட்டடத்துக்குள் திரும்பிவிட்டன. ஒரு சரிவு மேலே தூக்க, மறு சரிவு அதே அளவு கீழே அழுத்துவதாகக் கணக்காகி, இரண்டும் கழிந்து சுழியாயிற்று.

அப்படியானால் வண்ணப் படம் எப்படிச் சரியாக வந்தது? காற்று வெளியைக் கண்ணறைகளாகப் பிரிக்கும் கருவிக்கு, காற்று இருக்குமிடத்தில் ஒரு புள்ளியை நாம் குறித்துக் கொடுத்திருந்தோம். அது முக்கோணங்களின் திசையைக் கேளாமல், அப்புள்ளியிலிருந்து சென்றடையக் கூடிய வெளியையே காற்று வெளியாகக் கொண்டது. எனவே ஓட்டம் சரி, அழுத்தம் சரி, படமும் சரி. எங்கள் நிரல் கூட்டிய கூட்டல் மட்டுமே தவறு. படத்தைப் பார்த்து எண்ணை நம்பினோம். அதுவே எங்கள் குற்றம்.

அதே விடைத்தாளில் இன்னொரு சான்றும் இருந்தது. கூரையின் மீது பக்கவாட்டில் ஒரு பெரிய விசை காட்டப்பட்டிருந்தது. இருபுறமும் ஒத்த கட்டடத்தில், முகட்டின் போக்கிலே வீசும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவது ஏன்? ஒத்த வடிவில் கழிந்துபோக வேண்டிய பக்கவிசைகள் கூடிவிட்டன. கூட வேண்டிய தூக்குவிசைகள் கழிந்துவிட்டன. அவ்வெண்ணை ஒருமுறை உற்று நோக்கியிருந்தாலே பிழை வெளிப்பட்டிருக்கும்.

இவ்வகைப் பிழைக்குப் பிறப்பிடங்கள் பல. கண்ணாடிப் பிம்பம் ஒன்று. அளவை மாற்றும்போது ஏதேனும் ஒரு திசையில் எதிர்க்குறி எண்ணால் பெருக்குவதும் அதற்குச் சமமே. வெவ்வேறு கைகள் வரைந்த பகுதிகளை ஒட்டவைக்கும்போதும், ஓட்டைகளை அடைக்கப் புதிய முக்கோணங்களைச் சேர்க்கும்போதும் திசைகள் கலந்துவிடுகின்றன. கனமே இல்லாத ஒற்றைத் தகடாகப் பொருளை வரைந்தால், அதற்கு உள்ளும் இல்லை, புறமும் இல்லை. எந்தப் பக்கம் என்பதை நாமே முடிவு செய்து எழுதிவைத்தல் வேண்டும்.

பிழையைக் கண்டுபிடிக்க இப்போது எங்கள் வகுப்பில் ஒரு வரிசை முறையைப் பின்பற்றுகிறோம். மாணவர்கள் அதனைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, விளிம்புச் சோதனை. அடுத்தடுத்த இரு முக்கோணங்கள் ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொள்கின்றன. திசை ஒத்திருந்தால், ஒன்று அவ்விளிம்பை இங்கிருந்து அங்கு கடக்கும். மற்றொன்று அங்கிருந்து இங்கு கடக்கும். இரண்டும் ஒரே போக்கில் கடந்தால், இரண்டில் ஒன்று தலைகீழ். பன்முகங்களின் கன அளவைப் பற்றி 1865-இல் எழுதிய மோபியஸ் இவ்விதியை வகுத்தார். ஒரே பக்கமுடைய முறுக்கிய பட்டையை 1858-இல் கண்டவரும் அவரே. அப்பட்டையில் இவ்விதியை எவ்வாற்றானும் நிறைவேற்ற இயலாது. எங்கள் கூரையில் முகட்டின் விளிம்புகள் அனைத்தும் இச்சோதனையில் தோற்றன. ஓப்பன்ஃபோமோடு வரும் பரப்புச் சோதனைக் கருவி இதனைத் தானே செய்து, திசை ஒத்த பகுதிகள் எத்தனை என்று எண்ணிச் சொல்கிறது. ஒரே தொடர்ச்சியான பரப்புக்கு அவ்வெண் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கூட்டுத்தொகைச் சோதனை. ஒவ்வொரு முக்கோணத்தின் பரப்பளவையும் அதன் செங்கோட்டின் போக்கில் வைத்து எல்லாவற்றையும் கூட்டினால், மூடிய பரப்புக்கு விடை சுழியாக வேண்டும். வாராவிடில் ஓட்டை உண்டு, அல்லது திசை கலந்துள்ளது. ஆனால் இச்சோதனையை மட்டும் நம்புதல் ஆகாது. கனசதுரத்தின் மேல்முகத்தையும் அடிமுகத்தையும் சேர்த்தே தலைகீழாக்கினால் அப்போதும் விடை சுழியே.

மூன்றாவது, கன அளவுச் சோதனை. முதலிரண்டிலும் தேறிய பரப்பு முழுவதுமே உட்புறம் நோக்கி இருக்கக்கூடும். ஒவ்வொரு முக்கோணத்தையும் மூலப்புள்ளியோடு இணைத்தால் ஒரு நான்முகி கிடைக்கும். அவற்றின் கன அளவுகளைக் குறியோடு கூட்டுங்கள். 1 மீட்டர் கனசதுரத்துக்கு 1 என்று வந்தால் செங்கோடுகள் புறம் நோக்குகின்றன. மைனஸ் 1 என்று வந்தால் உள்நோக்குகின்றன. ஒரு முகம் மட்டும் தலைகீழாக இருந்தால், மூலப்புள்ளியை நடுவில் வைத்தபோது 0.667 என்று வரும். எங்கள் படிப்பகத்தின் தரை நடுவில் மூலப்புள்ளியை வைத்துக் கணக்கிட்டபோது அதன் கன அளவு சுழி என்று வந்தது. அத்தனை பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் கட்டடத்துக்குக் கன அளவு இல்லையாம்!

நான்காவது, கண்ணாற் காணல். கட்டணமின்றிக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் முகத்திசையைக் காட்டும் வசதியைத் திறந்தால், பின்பக்கம் காட்டும் முகங்கள் சிவப்பாகத் தோன்றும். பாராவியூவில் செங்கோடுகளை அம்புகளாகவே வரைந்து பார்க்கலாம். திருத்துவதற்கும் வழி உண்டு. பொருளுக்கு வெளியே உள்ளது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு புள்ளியைக் கொடுத்தால், அதனைக் கொண்டு திசைகளைச் சீர்செய்யும் கருவி ஓப்பன்ஃபோமிலேயே உள்ளது. ஆனால் எது வெளியே என்பதை அது அறியாது. அதனை நாம்தான் சொல்லல் வேண்டும்.

ஐந்தாவது, விடை தெரிந்த கணக்கு. அழுத்தம் எங்கும் சமம் என்று வைத்துக் கூட்டினால் மொத்த விசை சுழியாக வேண்டும். ஆழத்துக்கேற்ப வளரும் நீரழுத்தத்தை வைத்துக் கூட்டினால் ஆர்க்கிமிடீஸின் விடை வர வேண்டும். இவ்விரண்டும் தேறாத நிரலைக் காற்றுக்குப் பயன்படுத்துதல் கூடாது.

இச்சோதனைகளுக்குப் பின் எங்கள் கணக்கு திருந்தியது, தூக்குவிசை வெளிப்பட்டது. ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சுதல் மிகுதி என்பதும் தெரிந்தது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் 875-இன் மூன்றாம் பகுதியோடு ஒப்பிட்டு, தகுதி பெற்ற பொறியாளர் ஒருவரிடம் காட்டிய பின்னரே போல்ட்டுகளின் இடைவெளியை முடிவு செய்தோம். எழுதிய பழைய குறிப்பைக் கிழித்தெறியவில்லை. வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே! உங்களிடம் நாங்கள் கேட்பன மூன்று. கணக்கின் முதற்பக்கத்திலேயே, எது பொருள், எது வெளி, செங்கோடு எதிலிருந்து எதை நோக்குகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். கணிப்பொறி விடை தருமுன், விடை ஏறத்தாழ எவ்வளவு, எத்திசை என்று கையால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விடை வந்த பின், அத்தொழிலிலே கை தேய்ந்த ஒருவரிடம் அதனை எளிய சொற்களில் சொல்லிக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் அவரைத் திருத்த முயலாதீர்கள். முதலில் உங்கள் குறிகளைச் சரிபாருங்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் திரையில் காட்டும் வண்ணப் படங்கள் உங்களுக்கு விளங்காதவை என்று ஒதுங்கி நிற்க வேண்டா. வகுப்பறைக்குள் வாருங்கள்; கேள்வி கேளுங்கள். எங்கள் கூரை மணல் மூட்டையைப் பற்றிய ஒரு கேள்வியால் காப்பாற்றப்பட்டது. அக்கேள்வியைக் கேட்டவர் இன்று இவ்வவையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.